கோல் அடிக்காத சென்டர் பார்வேர்டு

2018-ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் நம் ஊரில் ஜூன் 16-ஆம் நாள், சனிக்கிழமையன்று வந்தது. காலையில் பெருநாள் தொழுகை, அதன்பின் உறவினர் வீடுகளுக்குப் போய்வருதல், பகலில் பிரியாணி என்று எல்லாம் முறைப்படி நடந்து முடிந்து, உண்ட மயக்கத்தில் வீடே சாய்ந்து கிடக்க வேண்டிய மூன்றரை மணிக்கு, நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் இருபது பேருக்குக் குறையாமல் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடியிருந்தனர். ரஷ்யாவின் கஸான் நகரில் பிரான்சு அணி, உலகக் கோப்பையில் தன் முதல் ஆட்டத்தை ஆஸ்திரேலியாவுடன் ஆடத் தொடங்கியிருந்தது.

நம்மூர்ப் பக்கத்துக் கடற்கரைப் பட்டினங்களுக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு பழையது. காயல்பட்டினத்துப் போட்டிகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிரிக்கெட் நாடெல்லாம் பரவி ஆட்சி செய்யும் காலத்திலும், இங்கே பிள்ளைகள் அஸர் தொழுகை முடிந்ததும் மணல் திடலுக்குத்தான் ஓடுகிறார்கள். ஆகவே பெருநாளன்று கூடம் நிறைந்ததில் வியப்பில்லை.

நம் தங்கை மகன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். பிரான்சு அணியின் பெயர்ப் பட்டியல் அவனுக்கு மனப்பாடம். கிரீஸ்மன், எம்பாப்பே, தெம்பெலே என்ற மூவரையும் முன்னணியில் நிறுத்தியிருப்பதைக் காட்டி, "பாருங்க மாமா, மூணு பேரும் குதிரை. ஆஸ்திரேலியாக்காரன் பின்னாலேயே ஓட வேண்டியதுதான்" என்று நமக்கு வகுப்பெடுத்தான். நடந்தது வேறு. குதிரைகள் ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? ஆஸ்திரேலியர் தம் கோலுக்கு முன்னால் நெருக்கமாக நின்றுகொண்டனர். மூவரும் அந்த மதிலில் முட்டி முட்டித் திரும்பினர். இரண்டாம் பாதியில் இரு தரப்பும் பெனால்டியில் ஆளுக்கு ஒரு கோல் போட்டன. எழுபதாம் நிமிட வாக்கில் கிரீஸ்மன் வெளியே அழைக்கப்பட்டு, தாடி வைத்த நெடிய மனிதர் ஒருவர் உள்ளே வந்தார்.

"இந்த மரத்தை எதுக்கு மாமா எறக்குறாங்க?" என்றான் மருமகன்.

அந்த மரத்தின் பெயர் ஒலிவியே ஜிரூ. 1986-இல் பிறந்தவர். கிரெனோபில், இஸ்த்ர், தூர் என்ற சிறிய கழகங்களில் பல ஆண்டுகள் கழித்துவிட்டு, காலம் தாழ்ந்து பெயர் பெற்றவர். 2011–12 பருவத்தில் மோன்பெலியே கழகம் பிரெஞ்சு லீக்கை வென்றபோது 21 கோல் அடித்து முதலிடத்தில் நின்றார். பிறகு இங்கிலாந்து சென்று ஆர்சனலிலும் செல்சியிலும் ஆடினார். ஆகவே கோல் அடிக்கத் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கும்படி வாசகர்களை வேண்டுகிறோம்.

அவர் உள்ளே வந்த பத்து நிமிடத்தில் போக்பா பந்தோடு நடுவே புகுந்தார். ஜிரூ தம் முதுகைக் கோலுக்குக் காட்டியபடி பந்தை வாங்கி, ஒரே தட்டில் போக்பாவுக்கே திருப்பிக் கொடுத்தார். போக்பா உதைத்த பந்து எதிர்த்தரப்பு வீரர் ஒருவர் காலில் பட்டு மேலெழுந்து, குறுக்குக் கம்பியின் அடியில் மோதிக் கோட்டைத் தாண்டி விழுந்தது. பிரான்சு 2–1 என்ற கணக்கில் வென்றது. அந்தக் கோலை முதலில் போக்பாவின் பெயரிலும், பின்னர் ஆஸ்திரேலியரின் சொந்தக் கோலாகவும் எழுதிக்கொண்டார்கள். ஜிரூவின் பெயர் அதில் எங்கும் இல்லை.

அதற்கடுத்த ஆட்டம் முதல் இறுதியாட்டம் வரை பயிற்சியாளர் திதியே தெஷாம் அவரை முதல் பதினொருவரிலிருந்து நீக்கவே இல்லை. பெருவுடன் ஆடிய ஆட்டத்தில் ஜிரூ உதைத்த பந்து எதிரி ஒருவரின் காலில் பட்டு, கோல் காப்பாளரின் தலைக்கு மேலே வளைந்து போயிற்று. அது தானாகவே உள்ளே போயிருக்கும் போலத்தான் தோன்றியது. ஆயினும் எம்பாப்பே ஓடிவந்து கடைசித் தட்டைத் தட்டிவிட்டார். கோல் எம்பாப்பேக்கு. அர்ஜென்டினாவை 4–3 என்று வீழ்த்திய ஆட்டத்தில் நான்காவது கோலுக்கான பந்தை எடுத்துக் கொடுத்தவர் ஜிரூ. கோல் மீண்டும் எம்பாப்பேக்கு. உருகுவேயை 2–0 என்றும், பெல்ஜியத்தை 1–0 என்றும் வென்றபோது கோல் அடித்தவர்கள் வரான், கிரீஸ்மன், உம்திதி. இறுதியாட்டத்தில் குரோஷியாவுக்கு எதிராக நான்கு கோல்கள் விழுந்தன. அவற்றிலும் அவருடையது இல்லை.

கணக்கை மொத்தமாகப் பார்ப்போம். ஏழு ஆட்டங்களில் பிரான்சின் கணக்கில் 14 கோல்கள். எம்பாப்பேக்கு நான்கு, கிரீஸ்மனுக்கு நான்கு. ஏழு ஆட்டங்களிலும் களத்தில் இறங்கி, 546 நிமிடங்கள் ஆடிய சென்டர் பார்வேர்டுக்கு ஒன்றுமில்லை. கோல் மட்டுமா இல்லை? கோலை நோக்கிச் சரியாகச் சென்று காப்பாளர் கைநீட்டித் தடுக்க வேண்டிய உதை ஒன்றுகூட அவர் காலிலிருந்தோ தலையிலிருந்தோ அந்த ஏழு ஆட்டங்களில் புறப்படவில்லை. உலகக் கோப்பையை வென்ற அணியின் முன்னணி வீரரைப் பற்றிய கணக்கு இது. நம் மருமகன் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் இந்தக் கணக்கை நம்மிடம் ஒப்பித்தான். வட்டிக்கடைக்காரன்கூட இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்திருக்க மாட்டான்.

அவன் சினத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை மறைப்பானேன்? கரீம் பென்சிமா வீட்டில் உட்கார்ந்திருந்தார். ரியால் மாட்ரிட் கழகத்தின் முன்னணி வீரர், ஐரோப்பாவின் மிகத் தேர்ந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். சக வீரர் ஒருவர் தொடர்பான வழக்கொன்றில் 2015-இல் பெயர் அடிபட்டதிலிருந்து அவரைத் தேசிய அணிக்கு அழைக்காமல் ஒதுக்கியிருந்தார்கள். பென்சிமா என்ற பெயருக்கு நம் வீடுகளில் இருக்கும் செல்வாக்கு வாசகர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அவரை நம்மவர் என்று கொண்டாடுகிறார்கள். அதே அணியில் கான்ட்டேயும் போக்பாவும் இருந்தார்கள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. நாமும் அந்தப் பாசத்துக்கு விலக்கானவர்கள் அல்லர். ஆனாலும் பாசம் கண்ணை மறைக்கக்கூடிய இடங்களில் கால்பந்துத் திடலும் ஒன்று. பிரெஞ்சு ரசிகர்களுக்கே இந்த மயக்கம் இருந்தது. 2016-இல் ஐரோப்பியக் கோப்பைக்கு முன்னோட்டமாக நாந்த் நகரில் கேமரூனோடு நடந்த ஆட்டத்தில், ஜிரூ கோல் போட்டும்கூடத் தம் நாட்டு ரசிகர்களாலேயே சீழ்க்கையடித்து இழிக்கப்பட்டார். அவர் செய்த குற்றம் பென்சிமாவாக இல்லாதது ஒன்றுதான்.

பின் எதற்காக அவரைத் தெரிந்தெடுத்தார்கள்?

பந்தாட்டம் அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்க. எதிரணியின் கோலுக்கு முன்னால் நடுக்காவலர் இருவர் நிற்பார்கள். பொதுவாக அணியில் உயரமும் உடல்வலுவும் மிக்கவர்கள் அவர்கள்தாம். நம் முன்னணியில் இருப்பவர்கள் மூவரும் சிறிய உருவினராய், விரைந்து ஓடுபவராய் இருந்தால், அந்தக் காவலர் இருவரும் பின்வாங்கி நின்று அவர்கள் வருவதற்காகக் காத்திருப்பார்கள். ஓடுவதற்கு வெளி இருக்காது. ஆஸ்திரேலியாவுடன் நடந்தது அதுதான். அங்கே ஆறடிக்கு மேல் உயர்ந்த ஒருவர் வந்து, அவர்கள் இருவருக்கும் இடையில், அவர்கள் மார்போடு தம் முதுகு உராய நின்றால் என்னாகும்? இருவரில் ஒருவராவது அவரை விட்டு அகல முடியாது. பல நேரம் இருவருமே அகல முடியாது. பின்னாலிருந்து உயர்ந்து வரும் பந்தை அவர் தலையாலோ நெஞ்சாலோ வாங்கி, தள்ளையும் இடியையும் தாங்கிக்கொண்டு, ஓடிவரும் தோழன் காலில் போடுவார். அந்தக் கணத்தில் காவலர் நின்ற இடம் வெறுமையாகிவிடும். எம்பாப்பே பாய்ந்தது அந்த வெறுமையில்தான். கிரீஸ்மன் சற்றுப் பின்னால் நின்று, யாரும் நெருங்காமல் பந்தை வாங்கி அழகாகத் திரும்பியதும் அந்த வெறுமையில்தான். கண் எம்பாப்பேயோடு ஓடுகிறது. முப்பது கெஜத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் மல்லாந்து விழுந்து கிடப்பதைக் கேமராவும் காட்டுவதில்லை.

நம் கல்யாண வீடுகளில் தம் பிரியாணி மணந்தால் பண்டாரியின் பெயரை ஊரே சொல்லும். விடியுமுன் எழுந்து, கனல் கூடாமலும் குறையாமலும் விறகைத் தள்ளியும் இழுத்தும் கொடுத்தவன் யாரென்று எவரும் கேட்பதில்லை. பண்டாரிக்கு மட்டும் அது தெரியும். அடுத்த கல்யாணத்துக்கும் அதே ஆளைத்தான் அவர் அழைத்து வருவார்.

இன்னொரு வேலையும் ஜிரூ செய்தார். எதிரணிக்குக் கார்னர் கிடைக்கும்போதெல்லாம் தம் கோலுக்கு ஓடிவந்து, முதல் கம்பத்தருகே நின்று, வரும் பந்தைத் தலையால் வெளியே தட்டினார். முன்னணி வீரர்கள் பலர் இதைத் தங்கள் தகுதிக்குக் குறைவாகக் கருதி நடுக்கோட்டருகே இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். இந்த வேலைக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தியே கிடையாது. வராமல் போன கோலை யார் எண்ணுவது?

தெஷாமுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். அவரே அப்படிப்பட்டவர் என்பதுதான் விடை. 1998-இல் பிரான்சு முதன்முறை உலகக் கோப்பையை வென்றபோது அணித் தலைவர் அவர். நடுக்களத்தில் பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவது ஒன்றே அவர் தொழில். அவருடைய நாட்டவரான எரிக் கந்தோனா 1996-இல் அவரைத் தண்ணீர் சுமப்பவர் என்று ஏளனமாகச் சொன்னார். அந்தப் பெயர் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டது. கந்தோனா பெரும் கலைஞர். ஆனால் உலகக் கோப்பைப் போட்டியொன்றில் அவர் கால் பதித்ததே இல்லை. தண்ணீர் சுமந்தவரோ தலைவராகவும் பயிற்சியாளராகவும் இருமுறை கோப்பையை ஏந்தினார். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் கோப்பை வென்றவர்கள் அவருக்கு முன் பிரேசிலின் சகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவர் ஆகிய இருவர் மட்டுமே.

அந்த 1998-ஆம் ஆண்டு அணியிலும் ஒரு ஜிரூ இருந்தார் என்பது நினைக்கத்தக்கது. ஸ்டெஃபான் கீவார்ஷ் என்று பெயர். ஓசேர் கழகத்துக்கு ஆடி, அந்தப் பருவத்தில் பிரெஞ்சு லீக்கிலேயே மிகுதியாகக் கோல் அடித்தவர் அவர். உலகக் கோப்பையில் ஒரு கோலும் அடிக்கவில்லை. பிரேசிலுடன் நடந்த இறுதியாட்டத்தில் முதல் பதினொருவரில் இறங்கி, எளிய வாய்ப்புகளைத் தவறவிட்டார். பாராகுவேயுடன் பின்வரிசை லோராம் பிளாங்கும், குரோஷியாவுடன் பின்வரிசைத் துராமும், இறுதியில் இருமுறை தலையால் முட்டி ஜிதானும் கோல் போட்டு வென்றார்கள். துராம் நாட்டுக்காக 142 ஆட்டங்கள் ஆடினார். அத்தனையிலும் அவர் அடித்தவை அந்த ஒரே நாளின் இரண்டு கோல்கள்தாம். கீவார்ஷை இன்றைக்கும் உலகக் கோப்பை வென்ற மோசமான முன்னணி வீரர் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அணியின் தலைவராக அருகில் நின்று பார்த்த தெஷாம், இருபதாண்டுக்குப் பின் அதே அச்சில் இன்னொருவரைத் தெரிந்தெடுத்தார் என்றால், தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் தென்படாத ஏதோ ஒன்று அவர் கண்ணுக்குத் தென்பட்டிருக்க வேண்டும்.

எனினும் இதை ஒரு வேதவாக்காகக் கொள்ளலாகாது. பயனற்றவனைத் தொடர்ந்து அணியில் வைத்திருப்பதற்கும் இதே நியாயத்தைச் சொல்லக்கூடியவர்கள் உண்டு. நம்மூர்க் கழகங்களில் சந்தா மிகுதியாகக் கொடுப்பவரின் மகன், செயலாளரின் மைத்துனன் என்ற தகுதியில் பூட்ஸ் கட்டியவர்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். "அவன் இருந்தா டீமுக்கு ஒரு பலம்" என்றுதான் அவர்களைப் பற்றியும் சொன்னார்கள். என்ன பலம் என்று கேட்டால் விடை வராது. விடை வருகிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. ஜிரூ இருக்கும்போது எம்பாப்பே எங்கே ஓடுகிறார், இல்லாதபோது எங்கே முட்டுகிறார் என்று விரலால் சுட்டிக் காட்ட முடியும். சுட்டிக்காட்ட முடியாத பலம் வெறும் சிபாரிசுதான்.

பயிற்சியாளர் தவறவும் கூடும். 2021-இல் தெஷாம் தாமே மனம் மாறிப் பென்சிமாவைத் திரும்ப அழைத்தார். ஐரோப்பியக் கோப்பையில் அவர் நான்கு கோல் அடித்தார். அந்த நான்கில் இரண்டு சுவிட்சர்லாந்துக்கு எதிராக. அதே ஆட்டத்தில் பெனால்டி உதைகளில் தோற்றுப் பிரான்சு வெளியேறிற்று. அதற்காகப் பென்சிமாவைக் குறைகூறுவது அநியாயம். நான்கு கோல் அடித்தவர் இருந்தும் தோற்ற அணியும், கோலே அடிக்காதவர் இருந்து வென்ற அணியும் ஒரே நாட்டினுடையவை என்று மட்டும் குறித்துக்கொள்வோம். 2020-இல் பென்சிமா, தம்மையும் ஜிரூவையும் ஒப்பிடுவது பார்முலா பந்தயக் காரையும் சிறுவர் ஓட்டும் கார்ட் வண்டியையும் ஒப்பிடுவது போலாகும் என்று பொருள்படப் பேசினார். அந்தக் கார்ட் வண்டி உலகச் சாம்பியன் என்று ஜிரூ மறுமொழி சொன்னார். பேச்சில் வென்றவர் ஜிரூ. காலில் யார் உயர்ந்தவர் என்று நம்மைக் கேட்டால், பென்சிமா என்று தயங்காமல் சொல்வோம். 2022-இல் உலகின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தும் அவருக்கே கிடைத்தது.

அதே 2022-இன் இறுதியில் கத்தாரில் உலகக் கோப்பை தொடங்கும் தறுவாயில் பென்சிமா காயமுற்று வீடு திரும்ப, முப்பத்தாறு வயது ஜிரூ மீண்டும் நடுவில் நின்றார். இம்முறை கோலும் வந்தது. ஆஸ்திரேலியாவுக்கு இரண்டு, போலந்துக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு எதிராக வெற்றிக் கோல். போலந்துக்குப் போட்டது நாட்டுக்காக அவர் அடித்த 52-ஆவது கோல். தியரி ஆன்றியின் 51 என்ற சாதனை அன்றோடு வீழ்ந்தது. 2024-இல் தேசிய அணியிலிருந்து விலகும்போது அவர் கணக்கு 137 ஆட்டம், 57 கோல். மரம் என்று சொன்ன நம் மருமகன் இந்தக் கணக்கை நமக்கு ஒப்பிக்கவில்லை. நாமாகத்தான் தேடித் தெரிந்துகொண்டோம். ஆனால் அந்த 2022-இன் இறுதியாட்டத்தில், அர்ஜென்டினா இரண்டு கோல் முந்தியிருந்தபோது, முதல் பாதி முடிவதற்கு முன்பே, 41-ஆவது நிமிடத்தில் தெஷாம் ஜிரூவை வெளியே எடுத்தார். அவருக்குப் பதிலாக இறங்கியவர்களில் ஒருவர் துராமின் மகன். அந்த முடிவும் சரியான முடிவே. ஆட்டம் உயிர்பெற்று 3–3 வரை வந்ததே அதற்குச் சான்று. மதிப்பது வேறு, கட்டிக்கொண்டு அழுவது வேறு.

இவ்வளவும் எழுதுவதற்கு நமக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. இதுவரை சுற்றி வந்துவிட்டோம். இனிச் சொல்லிவிடுகிறோம்.

1976-இல் நம் ஊர்க் கழகமொன்றின் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் பொறுப்பு மூவரிடம் இருந்தது. அந்த மூவரில் நாம் ஒருவர். வயது இருபத்துநான்கு. எல்லாம் தெரியும் என்ற எண்ணம் முழுமையாக இருந்த வயது. நம் அணியின் சென்டர் பார்வேர்டு நமக்கு ஒரு வயது மூத்தவர், நண்பர். நெடிய உருவம். ஓட்டம் மெதுவு. அந்தக் கோடையில் எட்டு ஆட்டங்களில் அவர் அடித்தது ஒரே கோல். வலது இன்சைடு ஆட்டக்காரர் ஏழு கோல் போட்டிருந்தார். இறுதியாட்டத்துக்கு முதல்நாள் இரவு, இஷாவுக்குப் பின், தேநீர்க் கடை பெஞ்சியில் உட்கார்ந்து நாம் அந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணினோம். சென்னைக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு வாலிபர், மின்னலாய் ஓடுவார். அவரைப் போடுவோம் என்று நாம்தான் முதலில் சொன்னோம். மற்ற இருவரும் சற்றுத் தயங்கி ஒப்புக்கொண்டனர்.

நண்பரிடம் நேரில் சொல்ல நமக்குத் துணிவில்லை. மறுநாள் காலை கழகத்துப் பலகையில் பட்டியலை ஒட்டிவிட்டு வந்துவிட்டோம். அவர் அதைப் படித்தபோது நாம் அங்கே இல்லை. அல்லது, இல்லாதபடி பார்த்துக்கொண்டோம் என்று சொல்வதே உண்மை.

மாலையில் அவர் திடலுக்கு வந்தார். பூட்ஸ் வைத்த பை கையில் இருந்தது. அதைத் திறக்கவில்லை. கோட்டுக்கு வெளியே மணலில், பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் தொடங்கிய கால் மணிக்குள் நம் வலது இன்சைடுக்குப் பந்தே கிடைக்காமல் போயிற்று. எதிரணியின் காவலர் இருவரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களைக் கட்டி வைத்திருக்க நடுவில் ஆள் இல்லை. மின்னல் வாலிபர் நான்கு முறை ஓடினார். நான்கு முறையும் பந்து அவருக்கு முன்னால் கோட்டைத் தாண்டிப் போயிற்று. இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து தாழ்வாக, முதல் கம்பத்தருகே வந்தது. அங்கே நம்மவர் யாரும் இல்லை. அவர்களுடைய ஆள் ஒருவர் குனிந்து தலையால் முட்டினார். 0–1. கோப்பை பக்கத்து ஊருக்குப் போயிற்று.

நண்பர் அதன்பின் நம் கழகச் சட்டையை அணியவில்லை. சண்டையிடவுமில்லை. எதிரில் பட்டால் ஸலாம் சொல்வார், நாமும் பதில் சொல்வோம். அடுத்த ஆண்டே பிழைப்புக்காகக் கடல்கடந்து போய்விட்டார். கடிதம் எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை எண்ணினோம். என்ன எழுதுவது?

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில், ஒரே ஸஹனில் நாமும் அவரும் எதிரெதிராக உட்கார நேர்ந்தது. சோற்றில் கை வைத்தபடியே நாம் அந்தப் பேச்சை எடுத்தோம். அன்று செய்தது பிழை, மன்னிக்க வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தோம். அவர் கறித்துண்டு ஒன்றை நம் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "அது கெடக்கட்டும். அந்தக் கார்னருக்கு முதல் போஸ்ட்டுலெ யாரை நிக்கச் சொன்னிய?" என்று கேட்டார்.

நாம் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. அங்கே ஒருவர் நிற்க வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. கோடை முழுவதும் ஒவ்வொரு கார்னருக்கும் அவர்தான் பின்னால் ஓடிவந்து அங்கே நின்றிருக்கிறார். அவர் நின்ற காலமெல்லாம் அந்தப் பக்கம் ஆபத்து வந்ததாகவே நம் நினைவில் இல்லை. எட்டு ஆட்டத்தையும் கோட்டருகே நின்று பார்த்த நம் கண், ஒரு முறையேனும் அவரை அங்கே பார்த்திருக்கவில்லை. இதை அவரிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, தம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

2018 ஜூலை 15. இறுதியாட்டம் நம் நேரப்படி இரவு எட்டரைக்குத் தொடங்கிற்று. இஷாவை முடித்துக்கொண்டு மறுபடியும் கூடம் நிறைந்தது. 4–2 என்று பிரான்சு முந்தியிருந்தது. 81-ஆவது நிமிடத்தில் ஜிரூவுக்குப் பதில் ஃபெக்கிர் இறங்குவதாகப் பலகை காட்டியது. ஜிரூ வியர்வை வழியும் முகத்தோடு மெல்ல வெளியே நடந்தார். கூடத்தில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. கோப்பை யார் கைக்கு முதலில் போகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் மட்டும் கை தட்டினோம். மருமகன் திரும்பிப் பார்த்து, "எதுக்கு மாமா?" என்றான். அவனுக்கு என்னவென்று சொல்வது?

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபின், நேரம் கடந்துவிட்டதே என்ற தயக்கத்தோடு நண்பரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் ஊர் திரும்பி நெடுநாளாயிற்று. இரண்டு தெருவுக்கு அப்பால்தான் வீடு. முதல் மணியிலேயே எடுத்தார். விழித்துத்தான் இருந்திருக்கிறார்.

"பார்த்தியளா?" என்றோம்.

"பார்த்தேன், பார்த்தேன்" என்றார். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. "ஒரு கோலும் போடாத மனுஷனை எம்பத்தோரு நிமிஷம் வச்சிருந்தானே, அந்தக் கோச்சு" என்றார்.

ஆம் என்றோம். அவர் நம் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறதென்று விசாரித்தார். எண்ணெய் தேய்த்து வருவதாகச் சொன்னோம்.